அமெரிக்க அதிபர் தேர்தலில் இடையில் ஏன் ஒரு குழு?

2016-இல் ஹிலாரி கிளிண்டன் டிரம்பைவிட சுமார் 28 லட்சம் வாக்குகள் கூடுதலாக வாங்கியும் தோற்றுப்போனார். காரணம், எலக்டோரல் காலேஜ் எனும் தேர்வாளர் குழு. மக்கள் மாநிலவாரியாகப் போடும் வாக்கு இந்தத் தேர்வாளர்களைத்தான் தீர்மானிக்கிறது; அதிபரைத் தேர்ந்தெடுப்பது அவர்கள். பாமர மக்களை நம்பாத மேட்டுக்குடியினர் செய்த ஏற்பாடு இது என்பார்கள். பாதி உண்மை, அவ்வளவுதான்.

1787-இல் பிலடெல்பியாவில் அரசியல் சாசனம் எழுதக் கூடியவர்கள் முதலில் யோசித்தது, நாடாளுமன்றமே அதிபரைத் தேர்ந்தெடுக்கட்டும் என்பதைத்தான். அப்படிச் செய்தால், மறுபடி பதவிக்கு வர ஆசைப்படும் அதிபர் உறுப்பினர்களுக்குத் தலையாட்டிக்கொண்டே இருப்பாரே? சரி, மக்களிடமே விடலாமென்றால், இவ்வளவு பெரிய நாட்டில் தூரத்து வேட்பாளர்களை எடைபோட மக்களுக்கு வழியில்லை, பார்வையற்றவரை நிறம் பார்க்கச் சொல்வது போல ஆகிவிடும் என்றார் அங்கே கூடியவர்களில் ஒருவரான ஜார்ஜ் மேசன்.

அதனால்தான் தற்காலிகக் குழு. நாடாளுமன்ற உறுப்பினரோ மத்திய அரசுப் பதவியில் இருப்பவரோ அதில் இருக்கக் கூடாது. எல்லோரும் ஒரே இடத்தில் கூடாமல், அவரவர் மாநிலத்தில் ஒரே நாளில் வாக்களித்துவிட்டுக் கலைந்துவிட வேண்டும். பேரம் பேச ஆளும் கிடைக்காது, அவகாசமும் இருக்காது. நல்ல யோசனைதான்.

ஆனால் இன்னொரு கணக்கும் இருந்தது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. தெற்கு மாநிலங்களில் அடிமைகள் ஏராளம், அவர்களுக்கு வாக்குரிமை கிடையாது. நேரடித் தேர்தல் வைத்தால் தெற்கின் கை தாழ்ந்துவிடும் என்று பின்னாளில் அதிபரான ஜேம்ஸ் மேடிசன் அந்த அவையிலேயே சொன்னார். தேர்வாளர் முறையில் அந்தச் சிக்கல் இல்லை, ஏனென்றால் நாடாளுமன்றத் தொகுதிகளை மாநிலங்களுக்குப் பங்கிடும்போது அடிமைகளை ஆளுக்கு ஐந்தில் மூன்று பங்காகக் கணக்கில் சேர்த்துக்கொள்ள ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தார்கள், தேர்வாளர் எண்ணிக்கையும் அதையொட்டியே அமைந்தது. 1790 கணக்கெடுப்பில் தெற்கே வர்ஜீனியாவிலும் வடக்கே பென்சில்வேனியாவிலும் அடிமையல்லாதோர் ஏறத்தாழ ஒரே அளவு. ஆனால் 1800 தேர்தலில் முன்னதற்கு 21 தேர்வாளர்கள், பின்னதற்கு 15 பேர்! முதல் 36 ஆண்டுகளில் 32 ஆண்டுகள் வர்ஜீனியாக்காரர்களே அதிபர்களாக இருந்தார்கள்.

தேர்வாளர்கள் சுயமாக யோசித்து முடிவெடுப்பார்கள் என்ற நினைப்போ கட்சிகள் தலையெடுத்ததுமே போய்விட்டது. 1796-இல் பென்சில்வேனியாவின் தேர்வாளர் சாமுவேல் மைல்ஸ் கட்சி மாறி எதிரணி வேட்பாளர் ஜெஃபர்சனுக்கு வாக்களித்ததற்கே வசை வாங்கினார். 2016-இல் வாஷிங்டன் மாநிலத்தில், ஹிலாரிக்குப் போட வேண்டிய வாக்கை முன்னாள் வெளியுறவு அமைச்சர் காலின் பவலுக்குப் போட்ட தேர்வாளர்கள் மூவருக்கு ஆளுக்கு 1,000 டாலர் அபராதம். அது செல்லும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.