அப்டேட்டை நிறுத்தச் சொல்லும் முன்

ஆடிப்பெருக்கு வந்தால் சிவகாசியில் காலண்டர் சீசன். காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியான நாளிலிருந்து மார்கழி வரைக்கும் டிசைன் போடும் கடைகளில் ராத்திரி பதினொரு மணிக்கும் சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்கும். எனக்கு அதிகம் போன் வருவதும் அந்த மாதங்களில்தான். பாதிப் பேர் கேட்பது ஒன்றே ஒன்று: "அண்ணே, இந்த அப்டேட்டை மட்டும் ஒரேயடியா நிறுத்திக் கொடுத்துடுங்க."

பதினாறு வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். முதல் பத்து வருடம், கேட்டவர்களுக்கெல்லாம் நிறுத்திக் கொடுத்தேன். சர்வீசஸ் பட்டியலைத் திறந்து, விண்டோஸ் அப்டேட் என்ற வரியை டிசேபிள்டு என்று மாற்றினால் முடிந்தது. விண்டோஸ் 10-ல் அது தானாகவே திரும்ப எழுந்துகொள்ளும். அதையும் அமுக்கி வைக்கச் சின்னச் சின்ன சாஃப்ட்வேர்கள் உண்டு. காசு வாங்கியதில்லை, டீ வாங்கித் தருவார்கள். குடித்த டீக்கெல்லாம் சேர்த்து 2019-ல் ஒரு விலை கொடுக்க வேண்டி வந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கோபப்படுகிறவர்கள் மேல் தப்பில்லை. 2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வந்தபோது ஸ்டார்ட் பட்டனையே எடுத்துவிட்டார்கள். பதினேழு வருடமாக எல்லோருடைய கையும் தானாகப் போன இடம் அது. அடுத்த வருடம் 8.1-ல் பட்டன் திரும்பி வந்தது. 2016-ல் இன்னொரு கூத்து. விண்டோஸ் 10-க்கு இலவசமாக மாறச் சொல்லி ஒரு சின்னப் பெட்டி திரையில் வரும். வேண்டாம் என்று ஓரத்திலிருக்கும் பெருக்கல் குறியை அழுத்தினால் பெட்டி மூடும், ஆனால் குறித்து வைத்த அப்கிரேடு ரத்தாகாது. கேட்காமலே தன் கம்ப்யூட்டர் மாறி, வேலை கெட்டது என்று கலிஃபோர்னியாவில் ஒரு டிராவல் ஏஜென்ட் வழக்குப் போட்டு 10,000 டாலர் வாங்கினார். மைக்ரோசாஃப்ட் மேல்முறையீட்டைக் கைவிட்டது.

2018 அக்டோபரில் வந்த அப்டேட்தான் எங்களைப் போன்றவர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. சிலருடைய ஃபைல்களையே அது அழித்தது. யாருடையவை தெரியுமா? டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, பழைய இடத்திலும் ஃபைல்களை விட்டுவைத்திருந்தவர்களுடையவை. "சி டிரைவ்ல எதையும் வைக்காதீங்க, டி-க்கு மாத்திடுங்க" என்று சர்வீஸ்காரர்கள் சொல்லும் அறிவுரையை அரைகுறையாகக் கேட்டவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில நாளிலேயே அந்த அப்டேட்டை நிறுத்தி, சரிசெய்து, நவம்பரில் மறுபடி விட்டார்கள்.

சரி, இவ்வளவு கோபம் இருந்தும் ஏன் யாரும் விட்டுப் போகவில்லை? இணையப் பயன்பாட்டைக் கணக்கெடுக்கும் ஸ்டாட்கவுண்டர் நிறுவனத்தின் கணக்கைப் பார்த்தால் உலகத்தில் மேசைக் கணினி, லேப்டாப் பக்கம் பத்துக்கு ஏறக்குறைய ஏழு பங்கு இன்றைக்கும் விண்டோஸ்தான். இலவச ஓ.எஸ்.ஸான லினக்ஸ் 4 சதவீதத்தைத் தொட்டதே 2024 பிப்ரவரியில். அந்தக் கணக்கு எதை எண்ணுகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அது கம்ப்யூட்டர்களை எண்ணுவதில்லை. இணையப் பக்கங்கள் எத்தனை முறை பார்க்கப்பட்டன என்பதை எண்ணுகிறது. பில் போடுவதற்கு மட்டும் ஓடும் மளிகைக் கடை சிஸ்டம் அதில் சேராது. இன்னொரு வேடிக்கை, விண்டோஸ் 11-ல் இருந்து போனாலும் பிரவுசர் வழக்கமாகத் தன் அடையாளமாகச் சொல்வது 'விண்டோஸ் என்.டி. 10.0' என்றுதான். பத்தையும் பதினொன்றையும் பிரிக்க வேறு குறிப்புகளைக் கேட்டு வாங்க வேண்டும்.

அதே ஸ்டாட்கவுண்டர் போன்களையும் சேர்த்து எண்ணியபோது, 2017 மார்ச்சில் ஆண்ட்ராய்டு விண்டோஸை முந்திவிட்டது. என் அனுபவமும் அதுதான். கோபித்துக்கொண்டு போனவர்கள் வேறு ஓ.எஸ்.ஸுக்குப் போகவில்லை, போனுக்குப் போனார்கள். கம்ப்யூட்டர் இல்லாமல் முடியாது என்கிறவர்கள் விண்டோஸிலேயே இருக்கிறார்கள்.

எங்கள் தெருவையே பாருங்கள். டிசைன் கடைக்காரரிடம் கோரல் டிராவின் பழைய பதிப்பில் போட்ட பத்து வருடத்து காலண்டர் ஃபைல்கள், அதில் பாதி வானவில் எழுத்துருவில் அடித்தவை. எழுத்துரு மாறினால் முருகன் படத்துக்குக் கீழே கொக்கி கொக்கியாக ஏதோ தெரியும். ஆடிட்டர் ஆபீஸில் டேலி, ஜி.எஸ்.டி.க்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன். இ-சேவை மையத்தில் கைரேகைக் கருவி, அதற்கு ஒரு டிரைவர். இதில் ஒன்று இருந்தாலே போதும், ஆள் நகர முடியாது. பிடித்துப்போய் இருப்பவர் எத்தனை பேர், வழியில்லாமல் இருப்பவர் எத்தனை பேர் என்று சந்தைப் பங்கு பிரித்துக் காட்டாது. ஆகையால் நீங்கள் அப்டேட்டை நிறுத்துவதால் அந்தக் கம்பெனிக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆவது உங்களுக்குத்தான்.

பூட்டுத் திறக்கப் பழகுகிற திருடன் ஊரில் அதிகம் தொங்குகிற பூட்டில்தான் பழகுவான். 2017 மே 12-ஆம் தேதி வானாக்ரை என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் வைரஸ்) கிளம்பி, 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களைப் பூட்டியது. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் மார்ச் 14-ஆம் தேதியே வந்துவிட்டது, இரண்டு மாதம் முன்பே. அடிவாங்கியதெல்லாம் பழைய விண்டோஸ் எக்ஸ்.பி. என்று அப்போது பேசிக்கொண்டார்கள். உண்மையில் பெரும்பாலும் அடிவாங்கியது விண்டோஸ் 7. அதற்கு அப்போதும் பாதுகாப்பு அப்டேட் வந்துகொண்டுதான் இருந்தது. அப்டேட் போடாதவர்கள் மாட்டினார்கள், அவ்வளவுதான்.

இனி 2019 கதை. ஒரு ஸ்டூடியோக்காரர், என் பழைய வாடிக்கையாளர். அவருக்கு அப்டேட்டை நான்தான் நிறுத்திக் கொடுத்திருந்தேன். ஐப்பசி முகூர்த்த நேரம். ஆல்பம் போடும் சாஃப்ட்வேர் ஒன்றின் கிராக் பதிப்பை, அதாவது காசு கட்டாமல் ஓடும்படி பூட்டை உடைத்ததை, எங்கிருந்தோ இறக்கியிருக்கிறார். கூடவே வந்த குறிப்பில் 'முதலில் ஆன்டிவைரஸை அணைக்கவும்' என்று இருந்திருக்கிறது. அணைத்திருக்கிறார். நான் போய்ப் பார்த்தபோது, தாலி கட்டும் படம், மாலை மாற்றும் படம் என்று வரிசையாக இருக்க வேண்டிய ஃபோல்டரில் வெறும் வெள்ளைத் தாள் ஐகான்கள். ஒவ்வொரு ஃபைல் பெயருக்கும் பின்னால் புரியாத நாலைந்து எழுத்துகள். ஃபோல்டருக்கு ஒன்றாக ஒரு ரீட்மீ ஃபைல்: 980 டாலர் கட்டு, 72 மணி நேரத்துக்குள் கட்டினால் பாதி விலை, 490. தீபாவளித் தள்ளுபடி மாதிரி. ஸ்டாப் என்றும் டிஜேவியு என்றும் சொல்லப்படும் ரான்சம்வேர் அது. கிராக் வழியாகவே ஊர் ஊராகப் பரவியது. பேக்கப் எடுத்து வைத்திருந்த ஹார்ட் டிஸ்க்கும் அதே சிஸ்டத்தில் செருகியே இருந்தது. அதிலும் அதே எழுத்துகள்.

மூன்று கல்யாணம். ஒன்றின் படங்கள் மட்டும் கேமரா கார்டில் அழிக்காமல் இருந்ததால் தப்பின. மற்ற இரண்டு வீட்டுக்கும் அவர் எப்படிப் போய்ச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

நியாயமாகச் சொன்னால் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தாலும் அன்றைக்கு அது நடந்திருக்கும். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு, தன் கையாலேயே உள்ளே விட்டிருக்கிறார். ஆனால் இடைஞ்சல் பண்ணுவதையெல்லாம் அணைத்துவிட்டால் வேலை ஓடும் என்று அவருக்குப் பழக்கிக் கொடுத்தவன் நான். அவர் என்னைத் திட்டவில்லை. "நம்ம நேரம் தம்பி" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகு நான் யாருக்கும் நிறுத்துவதில்லை. தள்ளிப்போடக் கற்றுக் கொடுக்கிறேன். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் ஐந்து வாரம் வரை நிறுத்தி வைக்கும் வசதி இருக்கிறது. ஆக்டிவ் ஹவர்ஸ் என்ற இடத்தில் நீங்கள் வேலை பார்க்கும் நேரத்தைக் குறிக்கலாம். பதினெட்டு மணி நேரம் வரை கொடுக்கலாம், அதற்குள் அது தானாக ரீஸ்டார்ட் ஆகாது. டிசைன் கடைக்காரர்களுக்குக் காலை எட்டிலிருந்து ராத்திரி இரண்டு வரை என்று வைத்துவிடுகிறேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து போட்டுவிட்டால் போதும். திரையில் சதவீதம் ஓடிக்கொண்டிருக்கும்போது பொறுமையிழந்து மெயின் சுவிட்சை அணைப்பவர்களைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. மறுநாள் அந்த சிஸ்டம் என் கடை மேசைக்கு வந்துவிடும்.

அப்டேட் மணிக்கணக்கில் இழுக்கிறது என்றால் முக்கால்வாசி காரணம் சுழல்கிற பழைய ஹார்ட் டிஸ்க். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். டிஸ்க் என்ற கட்டத்தில் 100 சதவீதம் என்று சிவந்து நின்றால் நோய் அங்கேதான். ஓ.எஸ்.ஸைச் சுழலாத வேகமான டிஸ்க்கான எஸ்.எஸ்.டி.க்கு மாற்றிய பிறகு, "ஃபார்மேட் பண்ணுங்க" என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தவர்கள் வருவதையே நிறுத்திவிட்டார்கள். என் வருமானத்துக்கு நஷ்டம்தான்.

இப்போதைய பெரிய குழப்பம், 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது. "பத்து போச்சாமே சார், புதுசுதான் வாங்கணுமாமே?" என்று தினமும் ஒருவர் வருகிறார். உடனே வாங்க வேண்டியதில்லை. முதலில் பி.சி. ஹெல்த் செக் என்ற மைக்ரோசாஃப்டின் சோதனைச் செயலியை ஓட்டிப் பாருங்கள். பிராசஸர் இன்டெல் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தையதும் என்றால் பெரும்பாலும் பதினொன்று ஏறும். 'டி.பி.எம். 2.0 (பாதுகாப்புச் சிப்) இல்லை' என்று சொன்னால் பதற வேண்டாம். பல போர்டுகளில் அது பயாஸில் அணைந்து கிடக்கும், இன்டெலில் பி.டி.டி. என்ற பெயரில். எழுப்பிவிட்டால் சரி. ஏழாம் தலைமுறையில்தான் வலி. நன்றாக ஓடுகிற ஐ-5, பட்டியலில் இல்லை என்பதற்காக ஒதுக்கப்படுகிறது. தடையைத் தாண்டிப் பென் டிரைவ் மூலம் பதினொன்றை ஏற்றிக் கொடுக்க வழி இருக்கிறது. அப்படி ஏற்றினால் அப்டேட் கிடைக்குமென்று உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லிவிட்டது. ஆகவே தொழில் நடக்கும் சிஸ்டத்தில் நான் அதைச் செய்வதில்லை.

அப்படிப்பட்டவர்களுக்காக 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் தரும் நீட்டிப்பு ஒன்று இருக்கிறது. விண்டோஸ் 10-ன் கடைசிப் பதிப்பான 22எச்2-ல் இருந்தால் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேர்வதற்கான இணைப்பு வரும். 30 டாலர் கட்டலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்தால் இலவசம். இங்கே ஒரு எச்சரிக்கை. பேக்கப் என்றதும் டெஸ்க்டாப், படங்கள் எல்லாவற்றுக்கும் டிக் போட்டுவிடாதீர்கள். ஒன்டிரைவில் இலவசம் 5 ஜி.பி.தான், நிரம்பினால் தினமும் நச்சரிக்கும், அப்புறம் அதற்கும் எனக்குப் போன் வரும். செட்டிங்ஸ் மட்டும் போதும். கணக்கின் பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், என்னிடம் கேட்காதீர்கள்.

"ஆன்டிவைரஸ்தான் இருக்கே" என்பவர்களுக்கு: விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டருக்கு வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும், உண்மைதான். அது உள்ளே வருகிறவனைப் பார்த்துக் குரைக்கும். சுவரில் விழுந்த ஓட்டையை அடைக்காது.

லினக்ஸ்? டேலியோ டோக்கனோ இல்லாத வீடுகளுக்குத் தாராளமாக. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருவருக்கு, ஏழாம் தலைமுறை லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் 22 போட்டுக் கொடுத்தேன். 2029 வரை அப்டேட் வரும். தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டுகிறார்கள், யூடியூப் பார்க்கிறார்கள், பேரனோடு பேசுகிறார்கள். ஒருவர், "வைரஸ் ஸ்கேன் எங்க இருக்கு?" என்று இரண்டு தடவை கேட்டார், பிறகு கேட்கவில்லை. டிசைன் கடைக்கு மட்டும் இதைச் சொல்ல மாட்டேன். சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

கடைசியாக ஒருவர். ஊருக்கு வெளியே எடை மேடை, அதாவது வே பிரிட்ஜ், வைத்திருக்கிறார். அதில் ஓடுவது எக்ஸ்.பி.; 2014 ஏப்ரலிலேயே ஆதரவு முடிந்தது. எடைக் கருவியோடு பேசும் சாஃப்ட்வேரை எழுதிக் கொடுத்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. ஸ்டாட்கவுண்டருக்கும் இந்த சிஸ்டத்தைத் தெரியாது. மாற்றலாமே என்றேன். "நல்லா ஓடிட்டு இருக்கிறத எதுக்குப்பா நோண்டுற?" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. லாரி வெயிலில் வரிசையில் நிற்கும்போது எடைச்சீட்டு வந்தாக வேண்டும். நெட் கேபிளைக் கழற்றிச் சுருட்டி அவர் கல்லாப்பெட்டிக்குள் போட்டேன். யூ.எஸ்.பி. துளைகள் நான்கிலும் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினேன்.

போன மாதம் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். மூன்று துளைகளில் டேப் அப்படியே இருக்கிறது. நான்காவதைக் கிழித்துவிட்டு, போனுக்கு சார்ஜ் போட்டிருக்கிறார்.