இரும்புச் செயின் எப்படி நீள்கிறது?

திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்களிடம் 2012 மாடல் இன்னோவா இருக்கிறது. மீட்டரில் 'டி-பெல்ட்' விளக்கு எரிகிறது. பெல்ட் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மகனுடைய ஸ்விஃப்ட்டில் இருப்பது செயின். அதை மாற்றவே வேண்டாம், வண்டி ஆயுசுக்கும் வரும் என்கிறார்கள். அப்படியானால் பெல்ட் என்று ஒன்றை ஏன் வைத்தார்கள்? செயின் நிஜமாகவே தேயாதா?"

முதலில், பெல்ட்டை மாற்றிவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். செயின் தேயுமா என்றால், தேயும். அது தேயும் விதம் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லப்போகிறேன்.

நான்கு வீச்சு இன்ஜினைப் பள்ளியில் படித்திருப்போம். பிஸ்டன் ஏறி இறங்க, கிராங்க் ஷாஃப்ட் சுற்றுகிறது. மேலே கேம் ஷாஃப்ட் சுற்றி வால்வுகளைத் திறந்து மூடுகிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடும். கீழே இருக்கும் கிராங்கையும் மேலே இருக்கும் கேமையும் கட்டி வைத்திருப்பதுதான் டைமிங் பெல்ட் அல்லது டைமிங் செயின். இன்றைய இன்ஜின்கள் பெரும்பாலானவற்றில், வால்வு திறந்து கீழே இறங்கும் இடமும் பிஸ்டன் உச்சிக்கு வரும் இடமும் ஒன்றே. இரண்டும் வேறு வேறு நேரத்தில் அங்கே வருவதால் மட்டுமே இடிக்காமல் போகின்றன. அந்த நேரக்கணக்கு தவறினால் வால்வு வளையும், வால்வுகள் இருக்கும் மேல்பகுதியான ஹெட்டை இறக்க வேண்டும். சில சமயம் பிஸ்டனும் போகும்.

ஆரம்பத்தில் இந்த வேலையைப் பல்சக்கரங்களும் செயின்களும்தான் செய்தன. ஜெர்மனியின் கிளாஸ் நிறுவனம் 1962இல் தன் 1004 காரில் பல் வைத்த ரப்பர் பெல்ட்டைப் போட்டது. பெல்ட்டுக்கு ஆயில் வேண்டாம், சத்தம் குறைவு, எடை குறைவு, விலையும் குறைவு. அடுத்த முப்பது வருடங்களில் பெல்ட் உலகம் முழுக்கப் பரவியதற்கு இவையே காரணம். நம் ஊர் மாருதி 800இல் இருந்ததும் பெல்ட்தான்.

ரப்பர் என்று சொன்னாலும் பெல்ட்டின் பலம் ரப்பரில் இல்லை. உள்ளே நீளவாக்கில் கண்ணாடி இழை நூல்கள் ஓடுகின்றன. இழுவிசையைத் தாங்குவது அவை. சூட்டுக்கும் ஆயிலுக்கும் ஓரளவு ஈடுகொடுக்கும் செயற்கை ரப்பர் அவற்றைச் சுற்றி இருக்கிறது. பற்களின் மேல் நைலான் துணி போர்த்தியிருக்கிறார்கள். கண்ணாடி இழை கிட்டத்தட்ட நீளவே நீளாது. அதனால் பெல்ட் வைத்த இன்ஜினில் டைமிங் முதல் நாள் எப்படி இருந்ததோ, அப்படியே பெல்ட்டின் கடைசி நாள் வரை இருக்கும். பெல்ட்டின் பெரிய சிறப்பு இது. ஆபத்தும் இதிலேயே இருக்கிறது. ரப்பர் வருடக்கணக்கில் காய்ந்து வெடிப்பு விடும், பல்லின் அடிப்பகுதி தளரும், உள்ளே நூல் ஒவ்வொன்றாக அறும். ஆனால் ஓட்டுபவருக்கு எதுவும் தெரியாது. சத்தம் வராது, மைலேஜ் குறையாது, இழுவை குறையாது. ஒரு நாள் பல் உரியும் அல்லது பெல்ட் அறும், அவ்வளவுதான்.

இதே கண்ணாடி இழையால்தான் புது பெல்ட்டை மடக்கிக் கசக்கக் கூடாது, உட்புறத்தை வெளியே திருப்பக் கூடாது என்கிறார்கள். கூர்மையாக மடங்கினால் இழை உள்ளே முறிந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. கடையில் பெல்ட்டைக் கயிறு மாதிரி சுருட்டிப் பையில் போட்டுக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

சரி, செயினுக்கு வருவோம்.

"செயின் நீண்டுவிட்டது" என்று மெக்கானிக் சொன்னால், இரும்பு ரப்பர் மாதிரி இழுபட்டு நீண்டதாகப் பலர் நினைக்கிறார்கள். இரும்புத் தகடு இழுபடுவதே இல்லை. டைமிங் செயினின் ஒரு கண்ணியை எடுத்துப் பாருங்கள். பக்கத் தகடுகள், அவற்றைக் கோக்கும் ஒரு பின், பல செயின்களில் அந்தப் பின்னைச் சுற்றி ஒரு சின்னக் குழாய், அதாவது புஷ். 1880இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் காப்புரிமை வாங்கிய ரோலர் செயினின் வழிவந்த அமைப்பு இது. செயின் பல்சக்கரத்தில் ஏறும்போது ஒவ்வொரு மூட்டும் மடங்குகிறது, இறங்கும்போது நிமிர்கிறது. மடங்குவதென்றால் பின், புஷ்ஷுக்குள் ஒரு துளி திரும்பித் தேய்கிறது. பின்னில் கொஞ்சம் போகும், புஷ்ஷில் கொஞ்சம் போகும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி கூடுகிறது. செயின் இழுபடும்போது அந்த இடைவெளிகள் எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்துகொள்கின்றன. அதைத்தான் நீளம் என்கிறோம்.

எவ்வளவு தேய்கிறது? ஒரு கணக்குப் போடலாம். 150 கண்ணிகள், கண்ணிக்கு 8 மில்லிமீட்டர், கிராங்கில் 20 பல், கேமில் 40 பல் உள்ள ஒரு இன்ஜினை எடுத்துக்கொள்வோம். மணிக்குச் சராசரி 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓட 2,500 மணி நேரம். நிமிடத்துக்கு 2,000 சுற்று என்று வைத்தால் கிராங்க் 30 கோடி முறை சுற்றியிருக்கும். செயின் முழு வளையமாக ஒரு சுற்று வர கிராங்க் ஏழரைச் சுற்று சுற்ற வேண்டும். ஆக செயின் 4 கோடிச் சுற்று வந்திருக்கிறது. இந்த இன்ஜினில் கேம் ஷாஃப்ட் இரண்டு என்று கொள்வோம். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கிராங்க் சக்கரம், இரண்டு கேம் சக்கரங்கள். ஏறும்போது ஒரு மடங்கல், இறங்கும்போது ஒரு நிமிர்தல் என ஆறு அசைவு. ஒரே ஒரு மூட்டு, ஒரு லட்சம் கிலோமீட்டரில் 24 கோடி முறை அசைந்திருக்கிறது.

இத்தனைக்கும் அந்த மூட்டில் 20 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு தேய்ந்திருப்பதாகக் கொள்வோம். மனிதத் தலைமுடியின் தடிமனை விடக் குறைவு. இரும்பு அணு ஒன்றின் குறுக்களவு ஏறக்குறைய கால் நானோமீட்டர் (ஆயிரம் நானோமீட்டர் ஒரு மைக்ரான்). 20 மைக்ரானில் 80,000 அணு அடுக்குகள் அடங்கும். 24 கோடியை 80,000ஆல் வகுத்தால் 3,000 வருகிறது. அதாவது 3,000 முறை அசைந்தால்தான் ஒரே ஒரு அணு அடுக்கு போகிறது! உண்மையில் அடுக்கடுக்காகச் சீராகப் போகாது, துகள் துகளாகத்தான் பெயரும். ஆனாலும் சராசரியாகப் பார்த்தால் கணக்கு இதுதான். கோயம்புத்தூர் எல்.ஜி.பி. போன்ற தொழிற்சாலைகளில் லட்சக்கணக்கில் தயாராகும் ஒரு சாதாரணப் பொருளிடம் நாம் எதிர்பார்க்கும் துல்லியம் இது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

அந்த 20 மைக்ரானை 150 மூட்டுகளால் பெருக்குங்கள். 3 மில்லிமீட்டர். 1,200 மில்லிமீட்டர் செயின் 1,203 ஆகிவிட்டது.

சைக்கிள் செயின் தொய்ந்தால் பின்சக்கரத்தைப் பின்னால் இழுத்து நட்டை முறுக்கிவிடுவோம், பிரச்சினை தீர்ந்தது. கார் இன்ஜினிலும் அதே வேலையைச் செய்ய டென்ஷனர் என்ற ஒரு பகுதி இருக்கிறது. ஆயில் அழுத்தத்தில் வெளியே வரும் ஒரு சின்னத் தண்டு, ஒரு வளைந்த கைடைச் செயின் மேல் அழுத்துகிறது. செயின் நீள நீளத் தண்டும் வெளியே வரும், தொய்வு தெரியாது. அப்புறம் என்ன கவலை என்று தோன்றும். ஆனால் சைக்கிளுக்கு வேண்டியது இழுவை மட்டும். இன்ஜினுக்கு வேண்டியது கோணம்.

கிராங்க்தான் செயினை இழுக்கிறது. ஆகவே கிராங்குக்கும் கேமுக்கும் நடுவே ஒரு பக்கம் விறைப்பாகவும் மறுபக்கம் தொய்வாகவும் இருக்கும். டென்ஷனர் இருப்பது தொய்வுப் பக்கத்தில். விறைப்பான பக்கத்தில் 50 கண்ணிகள் என்று வைத்துக்கொண்டால், அங்கே மட்டும் 1 மில்லிமீட்டர் கூடியிருக்கிறது. அதை டென்ஷனரால் தொடவே முடியாது. இப்போது கிராங்க் அந்த 1 மில்லிமீட்டரையும் இழுத்து முடித்த பிறகுதான் கேம் தன் பழைய இடத்துக்கு வரும். 40 பல் சக்கரத்தின் சுற்றளவு 320 மில்லிமீட்டர், எனவே 1 மில்லிமீட்டர் என்பது கேமில் ஒரு டிகிரிக்குச் சற்று மேல். கிராங்க் கணக்கில் அது இரண்டே கால் டிகிரி. வால்வுகள் எல்லாம் அந்த அளவு தாமதமாகத் திறந்து தாமதமாக மூடுகின்றன. மூட்டுக்கு 40 மைக்ரான் தேய்ந்தால் தாமதம் நாலரை டிகிரி.

டென்ஷனர் சத்தத்தை மறைக்கிறது, டைமிங் நழுவுவதை மறைக்க முடியவில்லை. இந்த இன்ஜின்களில் கிராங்குக்கும் கேமுக்கும் தனித்தனி சென்சார் உண்டு. இரண்டும் சொல்லும் கோணம் ஒத்துப்போகாமல், வித்தியாசம் வரம்பைத் தாண்டியதும் இன்ஜின் கணினி மஞ்சள் விளக்கை எரியவிடும். ஸ்கேனரை மாட்டினால் பி0016 என்ற கோட் வரும். அதைப் பார்த்ததும் சென்சாரை மட்டும் மாற்றி அனுப்பிவிடும் இடங்கள் இருக்கின்றன. செயினை அளந்தீர்களா என்று கேளுங்கள். கடைசியில் டென்ஷனர் தண்டு வெளியே வர இடமில்லாமல் போகும், செயின் கைடில் அடிக்கும், ஒரு பல் தாண்டும். 40 பல்லில் ஒரு பல் தாண்டினால் கிராங்க் கணக்கில் 18 டிகிரி.

இனி ஆயில். ஒரு அணு அடுக்குக்கு 3,000 அசைவு என்ற கணக்கு, பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே நல்ல ஆயில் படலம் இருக்கும் வரைதான். டீசல் இன்ஜினிலும், பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் புதிய இன்ஜின்களிலும் நுண்ணிய கரித்துகள் ஆயிலில் சேர்கிறது. ஆயில் படலம் மெலிந்த இடத்தில் அந்தக் கரி உப்புத்தாள் போல் தேய்க்கும். ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடுகிறவர், தெரியாமலே செயினைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். ஆயில் அளவு குறைந்தால் டென்ஷனருக்கும் அழுத்தம் போதாது. ஆகவே "செயினுக்குச் செலவில்லை" என்பது தவறு. அதன் செலவு ஆயில் பில்லில் இருக்கிறது. புது வண்டிக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பது அவரவர் நம்பிக்கை, அதனால் இன்ஜினுக்கு ஒரு கெடுதலும் இல்லை. "செயின் ஆயுசுக்கும் வரும்" என்ற நம்பிக்கை அப்படியல்ல. அது இன்ஜினைக் கெடுக்கும், குடும்பத்தின் சேமிப்பைக் கரைக்கும்.

பெல்ட்டையே ஆயிலுக்குள் ஓடவிட்டால் என்ன என்றும் சிலர் முயன்றார்கள். ஃபோர்டின் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட், பெஜோ-சித்ரோயன் கூட்டத்தின் 1.2 லிட்டர் பியூர்டெக் ஆகியவை அப்படி வந்தவை. உராய்வு குறைந்தது, விருதுகளும் வந்தன. ஆனால் பெட்ரோல் கலந்த ஆயிலில் ஊறிய ரப்பர் உப்பி உதிர்ந்து, அந்தத் துணுக்குகள் ஆயில் பம்பின் சல்லடையை அடைத்தன. பியூர்டெக்குக்கு 2024இல் ஐரோப்பாவில் உத்தரவாதத்தை 10 வருடம் அல்லது 1,75,000 கிலோமீட்டர் என நீட்டிக்க வேண்டியதாயிற்று. ஃபோர்டு கேமுக்குச் செயினைத் திரும்பக் கொண்டுவந்தது.

உராய்வும் தேய்மானமும் படிக்கிற துறைக்கு நம்மிடம் போதிய மதிப்பில்லை என்பது என் வருத்தம். 1966இல் பிரிட்டன் அரசுக்குப் பீட்டர் ஜோஸ்ட் கொடுத்த அறிக்கை, உராய்வையும் உயவையும் (ஆயில், கிரீஸ் இடுவதையும்) சரியாகக் கையாண்டாலே தொழில்துறை வருடத்துக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சம் பிடிக்கலாம் என்று கணக்குச் சொன்னது. அதன் பிறகு அங்கே இதற்கென்று ஆய்வு மையங்களே வந்தன. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இவ்வளவு வாகனங்கள் செய்கிற மாநிலத்தில், நம் தூசியிலும் நம் வெயிலிலும் நம் போக்குவரத்து நெரிசலிலும் செயினும் பெல்ட்டும் எப்படித் தேய்கின்றன என்று வருடக்கணக்கில் பொறுமையாக அளக்க, கல்லூரி ஆய்வகங்களுக்கு அரசு பணம் கொடுக்க வேண்டும். ராக்கெட் அளவுக்குப் புகழ் தராது, ஆனால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பயன் தரும்.

மீண்டும் இன்னோவாவுக்கு. அந்த விளக்கு பெல்ட்டைப் பார்த்து எரிவதில்லை. ஓடிய கிலோமீட்டரை மட்டும் எண்ணி எரிகிறது. பெல்ட்டை மாற்றாமலே விளக்கை அணைக்கவும் முடியும். எனவே பழைய வண்டி வாங்குகிறவர்கள் "விளக்கு எரியவில்லையே" என்று நிம்மதியடைய வேண்டாம். பெல்ட் மாற்றிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள். சர்வீஸ் புத்தகத்தில் கிலோமீட்டரோடு வருடமும் போட்டிருந்தால், எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு. நின்ற இடத்திலேயே ரப்பர் வயதாகும். மாற்றும்போது டென்ஷனர், பெல்ட்டுக்கு வழிகாட்டும் ஐட்லர் பேரிங் எல்லாம் சேர்த்து மாற்றுங்கள். சில இன்ஜின்களில் வாட்டர் பம்பையும் இதே பெல்ட் சுற்றும், அங்கே அதையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. பிரித்து மாட்டும் கூலி எப்படியும் ஒன்றுதான். 2016இல் வந்த இன்னோவா கிரிஸ்டாவின் புதிய 2.4 லிட்டர் டீசலில் டொயோட்டாவே செயினுக்கு மாறிவிட்டது.

மகனின் ஸ்விஃப்ட்டுக்கு, புத்தகத்தில் சொன்ன தர ஆயில், சொன்ன கெடுவுக்குள். நடுநடுவே டிப் ஸ்டிக்கை எடுத்து அளவு பாருங்கள். காலையில் முதலில் ஸ்டார்ட் செய்யும்போது முன்பில்லாத ஒரு கடகடப்பு கேட்டால், ஆயில் டென்ஷனருக்கு ஏறத் தாமதமாகிறது அல்லது செயின் நீண்டிருக்கிறது. இரண்டு நொடியில் நின்றுவிடுகிறதே என்று விடாமல் காட்டிவிடுங்கள்.

பெல்ட் மாட்டி முடித்ததும் மெக்கானிக் உடனே சாவியைத் திருப்பக் கூடாது. கிராங்க் போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டு, இன்ஜின் சுற்றும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். கிராங்க் இரண்டு சுற்று, கேம் ஒரு சுற்று. எல்லா டைமிங் மார்க்கும் மறுபடி நேருக்கு நேர் வந்து நிற்க வேண்டும். எங்காவது இடித்தால் கையிலேயே தெரிந்துவிடும், வால்வு தப்பிக்கும். ஐந்து நிமிட வேலை, பக்கத்தில் நின்று செய்யச் சொல்லுங்கள்.