பென்டிங் றேடியஸ்: தமிழில் வளைப்பு ஆரை

வளைப்பு ஆரை: ஒரு மின்வடத்தை, அதாவது கேபிளை, கேடு வராமல் எவ்வளவு சிறிய வட்டமாக வளைக்கலாம் என்பதைக் காட்டும் அளவு. வளைவின் உட்பக்கத்திலிருந்து அந்த வட்டத்தின் மையம் வரை உள்ள தூரமே இது. மில்லிமீற்றரிலும் சொல்லலாம், கேபிளின் விட்டத்தைப் போல இத்தனை மடங்கு என்றும் சொல்லலாம். மட்டக்களப்பு, கல்முனை ஹாட்வெயார் கடைகளிலும் கட்டட வேலைத்தளங்களிலும் பென்டிங் றேடியஸ் என்று சொல்வது இதைத்தான்.

சொல் புழக்கத்தில் இருந்தாலும் பொருள் சரியாகப் பதியவில்லை. "இந்தக் கேபிளை எத்தனை டிகிரி மடக்கலாம்?" என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். பாகைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எந்தக் கேபிளும் 90 பாகை திரும்பும், 180 பாகையும் திரும்பும். எவ்வளவு இடத்தை எடுத்துக்கொண்டு திரும்புகிறது என்பதே கேள்வி. பஸ் ஒன்று சந்தியில் வளைவதை நினைத்தால் போதும்: முச்சக்கரவண்டி திரும்பும் இடத்தில் அது திரும்பாது, ஆனால் இரண்டும் கடைசியில் ஒரே வீதிக்குத்தான் போகின்றன.

சொற்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேபிள் ஆங்கிலத்துக்கே கப்பலிலிருந்து வந்த சொல். நங்கூரக் கயிற்றைக் குறித்தது, அதற்கும் முன்னே இலத்தீனில் விலங்கைப் பிடித்துக் கட்டும் கயிறு. பல புரிகளை முறுக்கிய பெருங்கயிற்றுக்குத் தமிழில் வடம் என்ற சொல் ஏற்கனவே இருக்கிறது. கொக்கட்டிச்சோலைத் தேரை இழுப்பதும் வடம்தான், கொம்புமுறியில் வடசேரியும் தென்சேரியுமாகப் பிரிந்து நின்று இழுப்பதும் வடம்தான். ஆகவே மின்வடம் என்பது யாரும் உட்கார்ந்து செய்த மொழிபெயர்ப்புப் போல ஒலிப்பதில்லை. 0.67 மி.மீ. தடித்த ஏழு செம்பு இழைகளை முறுக்கிய 7/0.67 வயரின் வெட்டுமுகத்தைப் பார்த்தால் சொல் பொருந்துவது தெரியும்.

றேடியஸ் இலத்தீனில் சில்லின் கால். தமிழும் அதே வழியில்தான் போயிருக்கிறது. மாட்டுவண்டிச் சில்லில் குடத்தையும் வட்டையையும் இணைக்கும் மரக்கால் ஆரக்கால், அதிலிருந்து வந்தது ஆரை. தமிழ்நாட்டுப் பாடநூலில் இதை ஆரம் என்பார்கள், இலங்கைப் பள்ளிக்கூடங்களில் ஆரை. இங்கே எழுதுவதற்கு ஆரையே போதும், பிள்ளைகளும் அதைத்தான் படிக்கிறார்கள். (ஆரையம்பதியின் ஆரை வேறு. அந்த ஊர்ப் பெயரை ஆரைக்கீரையோடு சேர்த்தே சொல்வார்கள். அந்த நாலிலைக் கீரையும் பார்வைக்குச் சில்லுப் போலவே இருப்பது ஒரு வேடிக்கை.)

சிக்கல் பென்டிங்கில்தான். பழைய ஆங்கிலத்தில் அது வில்லுக்கு நாண் கட்டி வளைப்பதைக் குறித்த சொல். இன்று வேலைத்தளத்தில் பென்ட் என்றால் வளைப்பதும் ஆகும், மடிப்பதும் ஆகும். தமிழ் இந்த இரண்டையும் ஒன்றாக்குவதில்லை. வில்லை வளைக்கிறோம், பாயை மடிக்கிறோம். மடித்தால் அங்கே ஒரு கோடு விழும், வளைத்தால் கோடு விழாது. "கேபிளை வளை, மடிக்காதே" என்று சொன்னாலே பாதி விதியைச் சொன்னதாகிவிடும். ஆங்கிலச் சொல்லை அப்படியே கொண்டு திரிவதால் நமக்கு இழப்பு இதுதான்.

பாடநூலில் கோள ஆடிக்கு வளைவு ஆரை என்று ஒன்று வருகிறது. அதையே கேபிளுக்கும் வைத்தால் என்ன? வைக்கலாம், பிழையில்லை. ஆனால் வளைவு என்பது பொருள் தானாக இருக்கும் நிலை, வளைப்பு என்பது ஆள் செய்யும் செயல். ஆடி வளைந்தே பிறக்கிறது, கேபிளை நாம் வளைக்கிறோம். இங்கே கட்டுப்படுத்த வேண்டியது கையை. அதனால் வளைப்பு ஆரை என்பதே கூடப் பொருத்தம். சேர்த்து எழுத வேண்டாம். வளைப்பாரை என்று எழுதினால் சந்தையில் பாரை மீனைத் தேடுகிற கண்தான் முதலில் விழித்துக்கொள்ளும்.

எல்லையைச் சொல்லும்போது மினிமம் என்பதற்குக் குறைந்தபட்சம் என்று எழுதலாம். நம் ஊர்ப் பேச்சில் ஆகக்குறைந்த என்ற சொல் உயிரோடு இருக்கிறது: ஆகக்குறைந்த வளைப்பு ஆரை. இதிலும் ஒரு குழப்பம் வரும். ஆரை குறையக் குறைய வளைப்பு இறுகும். ஆகக்குறைந்த ஆரை 160 மி.மீ. என்றால் 200 நல்லது, 300 இன்னும் நல்லது, 120 கூடாது.

இனி எண்கள். இலங்கையில் வீட்டு வயரிங் பிரித்தானிய ஒழுங்குவிதியான பி.எஸ். 7671 ஐ ஒட்டியே நடக்கிறது. அதற்கான கள வழிகாட்டி உள் ஆரையை விட்டத்தின் மடங்காகத் தருகிறது. கவசம் இல்லாத வட்டக் கேபிளுக்கு விட்டம் 10 மி.மீ. வரை 3 மடங்கு, 10 இற்கு மேல் 25 வரை 4 மடங்கு, 25 ஐத் தாண்டினால் 6. இரும்புக் கம்பிக் கவசம் போட்ட கேபிளுக்கு எந்த விட்டமானாலும் 6. உள்ளே உள்ள கடத்தி வட்டமாக இல்லாமல், வட்டத்தைக் கூறுபோட்ட துண்டு போல வடிவமைத்த செம்பாக இருந்தாலும், ஒற்றைத் திண்ம அலுமினியமாக இருந்தாலும் 8. பெரிய கவசக் கேபிள்கள் பலவற்றில் இந்த வடிவக் கடத்திதான் இருக்கும். வெட்டுமுகத்தைப் பார்க்காமல் 6 என்று எடுத்துக்கொள்வது வழக்கமான பிழை. தயாரிப்பாளரின் தரவுத்தாள் இதைவிடப் பெரிய ஆரையைக் கேட்டால் அதுவே செல்லும்.

விட்டத்தை அளக்க வேர்னியர் கையில் இல்லாவிட்டால் ஒரு நூல் போதும். கேபிளின் வெளித்தோலைச் சுற்றி ஒரு சுற்றுப் போட்டு, முனைகள் சந்திக்கும் இடத்தில் அடையாளம் வையுங்கள். அந்த நீளம் விட்டத்தின் 3.14 மடங்கு. ஆகவே ஒரு சுற்று நூலே 3 மடங்கு ஆரைக்குப் போதும். இரண்டு சுற்று 6.28 மடங்கு, அது கவசக் கேபிளுக்கு வேண்டிய 6 ஐச் சற்றுத் தாண்டி நிற்கும். 8 மடங்கு வேண்டுமானால் இரண்டரைச் சுற்றும் ஒரு விரற்கடையும். 4 மடங்குக்கு ஒன்றரைச் சுற்று எடுத்தால் தாராளம். எடுத்துக்காட்டாக, மோட்டர் அறைக்குப் போகும் கவசக் கேபிள் ஒன்றில் ஒரு சுற்று 82 மி.மீ. வருகிறது என்று வைப்போம். விட்டம் 26, வேண்டிய ஆரை 156. நூலை இரட்டித்தால் 164. அந்த நூலின் ஒரு முனையை நிலத்தில் ஆணியில் கட்டி, மறுமுனையில் சோக்கட்டியைப் பிடித்து ஒரு கால்வட்டம் கீறுங்கள். கேபிளின் உட்பக்கம் அந்தக் கோட்டுக்கு வெளியே கிடக்க வேண்டும். ஆரக்கால் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பதை அந்த நூலே காட்டிவிடும்.

ஆணி அடிக்க முடியாத இடத்தில் கேபிளைச் சுற்றி வளைக்க அச்சு ஒன்று வேண்டும். முழங்கால் அச்சு ஆகாது. அதன் ஆரை ஏறத்தாழ 60, 70 மி.மீ. தான், இந்த 26 மி.மீ. கேபிளுக்குப் பாதிகூடக் காணாது. 110 மி.மீ. பிவிசி குழாயின் ஆரையும் 55 தான். குழாயின் முழு விட்டத்தை ஆரை என்று எடுத்து ஏமாறுவது இந்த இடத்தில்தான். 28 அங்குலச் சைக்கிள் றிம்மின் ஆரை கிட்டத்தட்ட 320 மி.மீ. வரும். 40 மி.மீ. கேபிளை 8 மடங்கில் வளைக்க அது அளவெடுத்துச் செய்தது போல இருக்கும்.

கேபிள் திரும்பும் குழியைக் கட்டும்போதும் இதே கணக்குத்தான். 90 பாகை திரும்பும் கேபிள் இரு பக்கமும் ஆரையோடு தன் விட்டத்தையும் சேர்த்து இடம் கேட்கும். 26 மி.மீ. கேபிளுக்கு 156 உம் 26 உம் சேர்ந்து 182 மி.மீ. அரையடிக் குழி போதாது, ஓரடிக் குழி போதும். 40 மி.மீ. கேபிளுக்கு 8 மடங்கானால் 360, ஓரடிக் குழியும் போதாது. மேசன் குழியைக் கட்டி முடித்த பிறகு இதைக் கணக்குப் பார்ப்பதால்தான் கேபிள் மூலையில் நசுங்குகிறது. கல்லடி, பாசிக்குடா போன்ற மணல் நிலத்தில் வெட்டிய கான் சரிந்துவிடும் என்று திருப்பத்தின் மூலையைச் செங்கோணமாகவே விட்டுவிடுவார்கள். உள்மூலையைச் சரித்து வெட்டி, கேபிளைக் கிடத்திய பிறகு மண்ணை மூடுவதே சரி.

மீறினால் என்ன ஆகும்? வளைவின் வெளிப்பக்கம் இழுபடும், உட்பக்கம் நசியும். உள் ஆரை 6 மடங்காக இருக்கும்போது வெளித்தோல் ஏறத்தாழ 8 வீதம் நீள்கிறது, 3 மடங்கில் 14 வீதம். ஆரையை விட்டத்தின் அளவுக்கே இறுக்கினால் 33 வீதம். தோல் அன்றைக்கே வெடிக்காது, அதுதான் தொல்லை. கவசக் கேபிளில் இரும்புக் கம்பிகள் வெளிப்பக்கம் விலகி, உட்பக்கம் கூடை போலப் பிதுங்கும். பிதுங்கிய இடத்தில் தோல் மெலிந்து கீறும். கடலோரத்தில் அந்தக் கீறல் வழியே உப்பு ஈரம் இறங்கி, நாகப்பூச்சை அரித்து, கம்பியைத் துருவாக்கும். அந்தக் கவசத்தையே எர்த்தாகப் பாவித்திருந்தால் எர்த்தும் மெல்லப் போய்விடும்.

உள்ளே நடப்பது இன்னும் மெதுவானது. வளைத்த செம்பு நிமிரப் பார்க்கும். பாரம் ஏறிச் சூடாகும்போது பிவிசி இளகும். இளகிய காப்புக்குள் செம்பு ஒரு பக்கமாக நகர்ந்து நகர்ந்து அதை மெலிவாக்கும். பதித்த அன்று காப்புத் தடையை அளக்கும் 500 வோல்ற் மெகரில் சோதித்தால் ஆகக்குறைந்த 1 மெகா ஓமைத் தாண்டி மிக உயர்வாகவே காட்டும், வேலை பாஸாகிவிடும். மெலிவை மெகர் காட்டாது. ட்ரிப் சுவிட்ச் விழத் தொடங்குவது பல மழைக்காலம் கழித்துத்தான்.

இன்னொன்று, கை ஏமாறுவது. குளிர் நாட்டு வழிகாட்டிகள் குளிரில் பிவிசி வெடிக்கும் என்று எச்சரிக்கும். நமக்கு எதிர்மாறு. சித்திரை வெயிலில் முற்றத்தில் கிடந்த கேபிள் வாழைநார் போல இலகுவாக மடங்கும், தடை தெரியாது. கை சொல்வதை விட்டு நூல் சொல்வதைக் கேளுங்கள்.

தட்டைக் கேபிளுக்குத் தனி விதி: விட்டம் என்று எடுக்க வேண்டியது அகலப் பக்கம். அகலம் 10 மி.மீ. ஆனால் ஆரை 30. சுவர் மூலையில் கிளிப் அடித்துப் போகும்போது அதைக் குறுக்குவாட்டில், அதாவது விளிம்பு மேல் திருப்பினால் ஒரு வயர் இழுபட்டு மற்றது சுருண்டு நெளியும். தட்டைப் பக்கமாகத் திருப்ப இடம் பார்த்து வழியைத் தெரிவு செய்வதே உத்தமம்.

வயர்க் குழாயான கொண்டியூட்டுக்குள் போகும் ஒற்றை 7/0.67 போன்ற பல இழை வயருக்குச் சலுகை உண்டு, 2 மடங்கு போதும். விட்டம் 4 மி.மீ. என்றால் 8 தான். ஆனால் குழாயின் வளைப்பு ஆரை வேறு: குழாயின் வெளிவிட்டத்தின் 2.5 மடங்கு, 20 மி.மீ. குழாய்க்கு 50. உள்ளே ஸ்பிறிங் போட்டு, வேண்டியதைவிடச் சற்றுக் கூடவே வளைத்து விட்டால் பிவிசி தானாகப் பின்வாங்கிச் சரியாக நிற்கும். லைட்டரில் காட்டி வளைத்தால் குழாய் உள்ளே தட்டையாகி வயர் சிக்கும். கடையில் "பென்ட்" என்று கேட்டு வாங்குங்கள். எல்போ என்றால் முழங்கை, தண்ணீர்க் குழாய்க்கானது. தண்ணீர் முழங்கையில் திரும்பும், வயர் அங்கே உரசி உரியும்.

சுவிட்சுக்காகச் சுவருக்குள் பதிக்கும் சங்க் பொக்ஸுக்குள் 1/1.13 வயரை மடித்துத் திணிப்பது தனிக் கதை. அது ஒற்றைச் செம்பு. இரண்டு மூன்று தரம் அதே இடத்தில் மடித்து நிமிர்த்தினால் செம்பு இறுகி, ஸ்குரூவுக்குக் கீழே நொட்டென்று உடையும். பிழையாக மடிந்த எந்தக் கேபிளையும் நிமிர்த்தி மறுபடி வளைக்காமல், அந்தத் துண்டை வெட்டிவிடுவது மலிவு.

இழுக்கும்போது ஆரை இன்னும் பெரிதாக வேண்டும். இழுவிசையை ஆரையால் வகுத்தால் வரும் அழுத்தம் வளைவின் உட்சுவரில் கேபிளை நசுக்குகிறது. ஆரையை இரட்டித்தால் அது பாதியாகும். 11,000 வோல்ற் கேபிள்களுக்குப் பதிக்கும்போது வகையைப் பொறுத்து 12 முதல் 20 மடங்கு வரை கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். இன்ரநெற் பைபர் கேபிளுக்கும் பொதுவாக இழுக்கையில் 20 மடங்கு, கிடையில், அதாவது பதித்துக் கிடக்கும்போது, 10. கணினி வலைக் கேபிளான கற் 6 இற்கு 4 மடங்கு.

ஆகவே வயரிங் வரைபடத்தில் குறிக்கும்போது இரண்டையும் பிரித்து எழுதலாம்: "ஆகக்குறைந்த வளைப்பு ஆரை, இழுக்கையில் இவ்வளவு, கிடையில் இவ்வளவு, உட்பக்க அளவு." கடைசி இரண்டு சொற்களை விட்டால் ஒருவர் நடுக்கோட்டிலிருந்து அளப்பார், மற்றவர் வெளித்தோலிலிருந்து அளப்பார்.