ஒரு பிடிஎஃப் திறக்கிறது, இன்னொன்று இறங்குகிறது: ஏன்?

தேர்வு முடிவுப் பட்டியல் ஒன்றைச் சொடுக்கினால் உலாவிக்குள்ளேயே விரிகிறது. வேறொரு தளத்தில் சுற்றறிக்கையைச் சொடுக்கினால் திரையில் ஒன்றும் வராமல் டவுன்லோட்ஸ் கோப்புறையில் போய் விழுகிறது. இரண்டும் பிடிஎஃப். கணினி அதே, குரோமும் அதே. "என் பிரவுசர் கெட்டுப்போச்சா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

கெடவில்லை. ஒன்றாவது திறக்கிறது என்றாலே பிடிஎஃப் காட்டும் பகுதி நன்றாக இருக்கிறது என்றுதான் பொருள். ஆனால் இணையத்தில் தேடினால் இன்றும் முதலில் கிடைக்கும் அறிவுரை, "அடோபி ரீடரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள்" என்பதுதான். ஒரு காலத்தில் அது சரியாகவே இருந்தது. 1995-இல் நெட்ஸ்கேப் உலாவி கொண்டுவந்த பிளக்இன் (உலாவியோடு ஒட்டும் துணை நிரல்) முறையில், உலாவி பிடிஎஃபைப் பிரிக்கத் தெரியாமல் ரீடரிடம் ஒப்படைத்துவிடும். அந்த வாசலை குரோம் 2015 செப்டம்பரிலும், ஃபயர்ஃபாக்ஸ் 2017 மார்ச்சிலும் (ஃப்ளாஷுக்கு மட்டும் விலக்கு வைத்து) மூடிவிட்டன. இப்போது குரோமுக்குள் பிடிஎஃபியம் என்ற சொந்த எந்திரம் இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் இருப்பது, மொசில்லாவில் 2011-இல் தொடங்கி 2013 பிப்ரவரியில் 19-ஆம் பதிப்போடு எல்லோருக்கும் வந்த பிடிஎஃப்.ஜேஎஸ், முழுக்க ஜாவாஸ்கிரிப்டில் எழுதியது. ரீடரை நூறு முறை நிறுவினாலும் இவற்றுக்கு ஒன்றும் ஆகாது. ரீடரை மாற்று, கேஷை அழி, கணினியை அணைத்துப் போடு என்று வரிசையாகச் செய்வது பூனை குறுக்கே போனால் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புவது போலத்தான். சில நேரம் வேலை நடந்துவிடும், நம்பிக்கையும் நிலைத்துவிடும்.

உண்மையில் நடப்பது இது. நீங்கள் இணைப்பைச் சொடுக்கியதும் தளத்தின் சர்வர் கோப்பை அப்படியே தள்ளிவிடுவதில்லை. கோப்புக்கு முன்னால் சில வரிகள் வரும். அவற்றை ஹெடர் என்கிறோம். அதில் கன்டென்ட்-டைப் என்ற வரி, பின்னால் வருவது என்ன வகை என்று சொல்கிறது. பிடிஎஃப் என்றால் 'அப்ளிகேஷன்/பிடிஎஃப்'. உலாவி இந்தச் சீட்டைப் பார்த்து, காட்டுவதா சேமிப்பதா என்று முடிவெடுத்துவிடும். ஆவணத்தின் முதல் பக்கம்கூட அப்போது வந்து சேர்ந்திருக்காது.

முகவரியின் கடைசியில் 'டாட் பிடிஎஃப்' இருக்கிறதே என்பீர்கள். அதற்கு இங்கே மதிப்பில்லை. 'டாட் பிஎச்பி' (தளங்களை இயக்கும் ஒரு நிரல்மொழி) என்று முடியும் முகவரி அருமையான பிடிஎஃபைத் தரலாம். 'டாட் பிடிஎஃப்' என்று முடிவது வெறும் பிழைப் பக்கமாக இருக்கலாம். இந்தச் சீட்டு முறையே மின்னஞ்சலுக்காக வந்தது. 1992-இல் நதேனியல் போரன்ஸ்டீனும் நெட் ஃப்ரீடும் மைம் என்ற பெயரில் அதை வகுத்தார்கள். வலை அதைக் கடன் வாங்கிக்கொண்டது.

சரி, சீட்டே இல்லாமல் வந்தால்? இந்த இடம்தான் மிக அழகானது.

சீட்டு இல்லாவிட்டால் உலாவி முகர்ந்து பார்க்கும். நிபுணர்கள் வைத்த பெயரே அதுதான், ஸ்னிஃபிங். கோப்பின் தொடக்கத்தில் சில பைட்டுகளை மட்டும் பார்க்கும். இன்றைய தரநிலையில் அதற்கு 1445 பைட் போதும். பிடிஎஃப் என்றால் முதல் ஐந்து பைட்டுகள் 37, 80, 68, 70, 45. எழுத்தாக வாசித்தால் சதவீதக் குறி, பி, டி, எஃப், ஒரு சிறு கோடு. ஜேபெக் படம் 255, 216, 255 என்று தொடங்கும். ஜிப் கோப்பு 80, 75 என்று தொடங்கும். அந்த எழுத்துகள் பி, கே. ஜிப்பை உருவாக்கிய ஃபில் கேட்ஸின் முதலெழுத்துகள். வேர்ட் ஆவணமான டாக்எக்ஸும் உள்ளுக்குள் ஜிப்தான் என்பதால், உலகில் யார் வேர்ட் கோப்பைச் சேமித்தாலும் அதன் தலையில் அவர் பெயரும் ஏறிக்கொள்கிறது.

இந்தத் தொடக்க பைட்டுகளை மேஜிக் நம்பர் என்பார்கள். மந்திரம் ஒன்றுமில்லை, கவனமான பொறியியல். பிஎன்ஜி படத்தின் எட்டு பைட்டுகளைப் பாருங்கள்: 137, 80, 78, 71, 13, 10, 26, 10. நடுவில் இருப்பது பி, என், ஜி. முதல் எண் வேண்டுமென்றே 127-ஐத் தாண்டியிருக்கிறது. ஏழு பிட் மட்டும் கடத்தும் பழைய வழியில் போனால் அது சிதைந்து, கோப்பு கெட்டது உடனே தெரிந்துவிடும். 13, 10 என்பது விண்டோஸின் வரிமுடிவு. கடைசி 10 யுனிக்ஸின் வரிமுடிவு. வழியில் ஏதோ ஒரு நிரல் 'இது வெறும் உரை' என்று நினைத்து வரிமுடிவுகளை மாற்றினால் இந்த இரண்டில் ஒன்று கட்டாயம் உடையும். 26 என்பது டாஸ் காலத்தில் கோப்பு முடிந்தது என்ற குறி. யாராவது படத்தை உரையாகத் திரையில் கொட்டினால் அந்த இடத்திலேயே நின்றுவிடும். எட்டே பைட்டில் நான்கு பொறிகள்! பிடிஎஃபும் சளைத்ததல்ல. அதன் இரண்டாவது வரியில் 128 அல்லது அதற்கு மேற்பட்ட குறைந்தது நான்கு பைட்டுகளைக் குறிப்பாக வைக்கச் சொல்கிறது அதன் தரநிலை. ஆவணத்துக்கு அவற்றால் எந்தப் பயனும் இல்லை. இது உரை அல்ல என்று கடத்தும் நிரல்களுக்குச் சொல்வதற்காக மட்டுமே அவை.

இவ்வளவு நன்றாக முகரத் தெரிந்த உலாவி, எப்போதும் முகர்ந்தே முடிவெடுத்தால் என்ன? இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் அப்படித்தான் செய்தது. சீட்டு 'படம்' என்று சொன்னாலும் முதல் 256 பைட்டைப் பார்த்து, எச்டிஎம்எல் போலத் தெரிந்தால் அதை வலைப்பக்கமாகவே இயக்கியது. முகப்புப் படம் ஏற்ற அனுமதிக்கும் தளத்தில் ஒருவர் படம் என்ற பெயரில் ஸ்கிரிப்டை ஏற்றினால், பார்ப்பவர் கணினியில் அது ஓடும். இந்த ஓட்டையை அடைக்க 2008-இல் அதன் 8-ஆம் பதிப்பின் சோதனை வடிவில் 'நோஸ்னிஃப்' என்ற ஹெடர் வந்தது. முகராதே, சீட்டை நம்பு என்பது அதன் கட்டளை.

அதிலிருந்து பிறந்த விதியைத் தெரிந்துகொண்டால் பாதிப் புதிர் அவிழும். சீட்டே இல்லையென்றால் உலாவி முகர்ந்து பிடிஎஃபைக் கண்டுபிடித்துக் காட்டும். ஆனால் சீட்டில் 'அப்ளிகேஷன்/ஆக்டெட்-ஸ்ட்ரீம்' என்று இருந்தால் முகராது, நேராகச் சேமித்துவிடும். ஆக்டெட்-ஸ்ட்ரீம் என்றால் 'ஏதோ பைட்டுகள்' என்று மட்டுமே அர்த்தம். அதாவது, தவறான சீட்டு இருப்பதைவிடச் சீட்டே இல்லாதது மேல். சீட்டு இல்லாமல் நோஸ்னிஃபும் சேர்ந்து வந்தால் அந்தச் சலுகையும் போய்விடும்; பிடிஎஃபுக்குள் ஜாவாஸ்கிரிப்ட் இருக்கலாம் என்பதால் அதை ஆபத்தான வகைகளோடு சேர்த்திருக்கிறார்கள்.

'டெக்ஸ்ட்/பிளெயின்' என்ற சீட்டின் கதை தனி. அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளின் பழைய பதிப்புகள், தெரியாத கோப்புக்கெல்லாம் இதை ஒட்டி அனுப்பின. 2012-இல் வந்த 2.4 பதிப்பில்தான் அந்தப் பழக்கத்தைக் கைவிட்டார்கள். அதனால் தரநிலையிலேயே 'அப்பாச்சி பிழை' என்று பெயர் சொல்லி ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அப்பாச்சி வழக்கமாக அனுப்பும் எழுத்து வடிவத்தில் இந்தச் சீட்டு வந்தால், உலாவி உள்ளே பார்க்கும். உரையல்ல என்று தெரிந்தால் சேமிக்கும். பிடிஎஃப் என்றே தெரிந்தாலும் பிடிஎஃபாகத் திறக்காது. சந்தேகப்பட உரிமை உண்டு, பதவி உயர்வு கொடுக்க உரிமை இல்லை.

சீட்டு சரியாக இருந்தும் இறங்கினால் இரண்டாவது ஹெடரைப் பாருங்கள்: கன்டென்ட்-டிஸ்பொசிஷன். அதில் 'இன்லைன்' என்றால் காட்டு, 'அட்டாச்மென்ட்' என்றால் சேமி. தளத்துக்காரர் வேண்டுமென்றே போட்டது அது. குரோமில் அதை மீற அமைப்பு எதுவும் இல்லை. ஃபயர்ஃபாக்ஸ் சேமித்துவிட்டுத் தானே ஒரு தாவலில் திறந்தும் காட்டுவதுண்டு. கோப்பின் பெயரும் இதே ஹெடரில்தான் வருகிறது. தமிழில் பெயர் வைத்த கோப்பு அடிக்கோடுகளாகவோ குப்பையாகவோ இறங்குவதற்கும் காரணம் இதுதான். பெயரை யுடிஎஃப்-8 ஆக்கி, ஒவ்வொரு பைட்டையும் சதவீதக் குறியோடு எழுதி, நட்சத்திரக் குறியிட்ட 'ஃபைல்நேம்' அளவுருவில் தர வேண்டும். 'தமிழ்' என்ற சொல்லில் யூனிகோடு கணக்கில் ஐந்து குறிகள், குறிக்கு மூன்று பைட், பைட்டுக்கு மூன்று எழுத்து. ஆக 45 எழுத்து போகும். போனால் போகட்டும், பெயர் ஒழுங்காக வந்து சேரும்.

இனி, உங்கள் கணினியில் எங்கே கோளாறு என்று பார்ப்போம். இறங்கிய கோப்பை எடுத்து, உலாவியின் வெற்றுத் தாவலுக்குள் இழுத்துப் போடுங்கள். வட்டிலிருந்து திறக்கும்போது ஹெடர் கிடையாது. அங்கே மட்டும் 'டாட் பிடிஎஃப்' என்ற பின்னொட்டுக்கு மதிப்பு வந்துவிடும். கோப்பு திறந்தால் உங்கள் உலாவி சரி, கோப்பும் சரி, தளத்தின் ஹெடர்தான் காரணம். திறக்காமல் மறுபடியும் தரவிறக்கமாகவே விழுந்தால் உங்கள் அமைப்பு. 'ஏற்ற முடியவில்லை' என்று பிழை வந்தால் கோப்பு.

அமைப்பு என்றால், குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், அடிஷனல் கன்டென்ட் செட்டிங்ஸ், பிடிஎஃப் டாக்குமென்ட்ஸ் என்று இறங்கிப் போய் 'ஓபன் பிடிஎஃப்ஸ் இன் குரோம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் செட்டிங்ஸ், ஜெனரல், அப்ளிகேஷன்ஸ் பட்டியலில் பிடிஎஃப் வரிக்கு எதிரே 'ஓபன் இன் ஃபயர்ஃபாக்ஸ்'. அதுவும் பயன்படாவிட்டால் அபவுட்:கான்ஃபிக் பக்கத்தில் 'பிடிஎஃப்ஜேஎஸ்.டிஸேபிள்ட்' என்பதன் மதிப்பு ஃபால்ஸ் ஆக இருக்கிறதா என்று பாருங்கள். எட்ஜிலும் தள அனுமதிகளின் கீழ் பிடிஎஃபை எப்போதும் தரவிறக்கச் சொல்லும் ஒரு பொத்தான் உண்டு. எல்லாம் சரியாக இருந்தும் நடக்கவில்லையா? இன்காக்னிட்டோ சாளரத்தில் முயலுங்கள். அங்கே நீட்சிகள் (எக்ஸ்டென்ஷன்கள்) இயல்பாக ஓடாது. அதில் மட்டும் திறந்தால், டவுன்லோட் மேனேஜர் நீட்சி ஏதோ குறுக்கே பாய்ந்து பிடுங்குகிறது. அலுவலகக் கணினியாக இருந்தால் நிர்வாகியே கொள்கையாக வைத்திருக்கலாம். முகவரிப் பட்டியில் குரோம்://பாலிசி என்று ஆங்கிலத்தில் தட்டினால் தெரியும்.

கோப்புக் கோளாறு என்றால் அதை நோட்பேடில் திறந்து முதல் வரியைப் பாருங்கள். கூர்முனை அடைப்புக்குறியும் எச்டிஎம்எல் என்ற சொல்லும் தெரிந்தால் வந்தது பிடிஎஃபே அல்ல. உள்நுழைவு காலாவதியாகி, சர்வர் லாகின் பக்கத்தை பிடிஎஃப் சீட்டோடு அனுப்பியிருக்கிறது. சில கேபி அளவே இருப்பதும் அதற்கு அடையாளம். வெளியே போய் மறுபடி உள்நுழைந்தால் தீரும்.

திரை முழுக்கக் கோணல் எழுத்துகளாகக் கொட்டினால் அது பிஎச்பி எழுதியவரின் கைவண்ணமாக இருக்க வாய்ப்பு அதிகம். நிரலின் தலையில் ஒரு வெற்று வரியோ, கண்ணுக்குத் தெரியாத 239, 187, 191 என்ற மூன்று பைட்டோ முந்திக்கொண்டு வெளியேறினால், அதன் பிறகு ஹெடர் அனுப்ப முடியாது. பிஎச்பியின் இயல்பான 'டெக்ஸ்ட்/எச்டிஎம்எல்' சீட்டே போய்ச் சேரும். உலாவியும் பிடிஎஃபைப் பக்கமாக வாசித்துக் கொட்டும்.

தளம் உங்களுடையது என்றால் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் தாவலில் 'பிரிசர்வ் லாக்' குறியிட்டு, இணைப்பைச் சொடுக்கி இரண்டு ஹெடர்களையும் வாசியுங்கள். அப்பாச்சியில் 'ஆட்-டைப்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். என்ஜின்எக்ஸ் சர்வரில் மைம் டைப்ஸ் கோப்பை இணைக்கும் வரி விடுபட்டிருக்கும். அமேசானின் எஸ்3 கோப்புச் சேமிப்பகத்தில் நிரல் வழியே ஏற்றும்போது வகை சொல்லாவிட்டால் அது 'பைனரி/ஆக்டெட்-ஸ்ட்ரீம்' என்று தானாக எழுதிக்கொள்ளும். ஒரு வரி வேலை. பொதுமக்கள் படிக்க வேண்டிய அறிவிப்பைத் தாளில் அச்சடித்து, ஸ்கேன் செய்து, பிடிஎஃபாக்கி, அதற்குத் தவறான சீட்டும் ஒட்டி அனுப்பும் தளங்களைப் பார்க்கும்போது, அந்த நான்கு பத்தியையும் சாதாரண வலைப்பக்கமாகவே தட்டச்சு செய்திருக்கலாமே என்றுதான் தோன்றுகிறது. கைபேசியில் படிப்பவருக்கும் தேடுபொறிக்கும் அதுவே வசதி.

டாக்எக்ஸ் கோப்புக்கு இந்த வைத்தியம் எதுவும் பலிக்காது. சீட்டு எவ்வளவு சரியாக இருந்தாலும் குரோமிடமும் ஃபயர்ஃபாக்ஸிடமும் அதைக் காட்டும் எந்திரமே இல்லை. எட்ஜில் திறப்பதுபோலத் தெரிவது மைக்ரோசாஃப்ட் சர்வர் அதை எடுத்து வரைந்து காட்டுவதால்தான். கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருக்கும் கோப்பை அது எட்டாது.

கடைசியாக ஒரு பொறி. சர்வரைத் திருத்திய பிறகும் பழையபடி இறங்கினால் திருத்தம் தவறு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கோப்பு மாறாததால் சர்வர் 304 ('மாறவில்லை') என்று மட்டும் பதில் சொல்லும். அந்தப் பதிலோடு அப்பாச்சி கன்டென்ட்-டைப் வரியை அனுப்பாது. உலாவி தான் சேமித்து வைத்த பழைய சீட்டையே மறுபடி படிக்கும். முகவரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறியும் ஏதாவது ஓர் எண்ணும் சேர்த்துத் தட்டுங்கள். புது முகவரி என்று நினைத்துப் புதிதாகக் கேட்கும்.