சொல் விளக்கம்: ஸ்டாமினா – நீடாற்றல்

"வேகமாத்தான் நடக்கிறாரு, ஸ்டாமினாதான் இல்லை." பக்கவாதம் வந்து ஒரு வருடமான என் பெரியப்பாவைப் பற்றிப் பெரியம்மா சொன்னது இது. ஒரே வாக்கியத்தில் வேகத்தையும் ஸ்டாமினாவையும் பிரித்துவிட்டார். பிசியோதெரபிஸ்ட்டும் அவற்றைத் தனித்தனியாகத்தான் அளக்கிறார்.

லத்தீனில் 'ஸ்டாமென்' என்றால் தறியில் நெடுக்காக ஓடும் பாவு நூல். அதன் பன்மைதான் ஸ்டாமினா. மனித ஆயுளை விதித் தேவதைகள் நூலாக நூற்கிறார்கள் என்பது உரோமானியர் நம்பிக்கை. அந்த இழை உயிர்வலுவாகி, இன்று நீடித்து உழைக்கும் தெம்பாகிவிட்டது. (பூவின் மகரந்தத்தாளுக்கும் ஆங்கிலத்தில் அந்த 'ஸ்டாமென்'தான் பெயர்.) இதே பொருளில் மருத்துவர் எழுதும் 'எண்டூரன்ஸ்' வேறு வழியில் வந்தது; 'துருஸ்', அதாவது கடினம் என்ற லத்தீன் சொல் அதன் வேர்.

வேகத்துக்குப் பத்து மீட்டர் நடை. பெரியப்பா 12.5 நொடியில் முடித்தார், நொடிக்கு 0.8 மீட்டர். வெளியே தாராளமாக நடமாட இந்த வேகம் வேண்டும் என்பது பரவலான கணக்கு. அடுத்தது ஆறு நிமிட நடை. களைத்தால் சுவரில் சாய்ந்து நிற்கலாம், ஆனால் கடிகாரம் நிற்காது. அதே வேகம் கடைசிவரை இருந்திருந்தால் 288 மீட்டர் வந்திருக்கும். வந்தது 190.

காரணம் கால் மட்டுமல்ல. பலவீனமான பக்கத்தை இழுத்து நடக்க உடல் கூடுதல் சக்தியைச் செலவழிக்கிறது. மாதக்கணக்கில் அசையாமல் இருந்ததில் இதயமும் தசையும் பழக்கம் விட்டுப்போயிருக்கும். சாலை கடக்க, சிங்கப்பூரில் 2009இல் வந்த கிரீன் மேன் பிளஸ் வசதி உண்டு. மூத்தோர் சலுகை அட்டையைத் தட்டினால் பச்சை விளக்கு 3 முதல் 13 நொடி வரை நீளும். தேக்கா சந்தைவரை நடந்து சேர அது போதாதே.

தமிழில் என்ன சொல்வது? 'தாங்குதிறன்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் ஒரு தயக்கம். தெரபி அறையில் 'தாங்குவது' என்றால் கால் உடல் எடையைத் தாங்குவது, நோயாளி குழம்பிவிடுவார். நீடு + ஆற்றல், 'நீடாற்றல்' பொருந்துகிறது. ஆற்றல் என்பதற்கு வலிமை மட்டுமல்ல, பொறுத்தல் என்றும் பொருள்; பசியைப் பொறுப்பதைக் குறள் 'பசிஆற்றல்' என்கிறது.

இதைப் பெரியம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். "அதுக்கு எதுக்குடா புதுச் சொல்? தாக்குப்பிடிக்க முடியலைன்னு சொல்லிட்டுப் போயேன்" என்றார்.