முழங்கால் நோ என்றால் கதிரையிலேயே இருந்துவிடாதீர்கள்

முழங்கால் நோ என்று எங்கள் ஆய்வுகூடத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் எக்ஸ்ரே படத்தைத்தான் முதலில் நீட்டுவார்கள். நான் அதை வாங்கி வைத்துவிட்டு, சுவரோடு சாத்திய ஒரு கதிரையில் அவர்களை இருத்தி, கைகளை நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு எழும்பச் சொல்வேன். "கை ஊன்றாமல் ஏலாது தம்பி" என்று பலர் முயற்சிக்கு முன்பே சொல்லிவிடுவார்கள்.

விசாரித்தால் கதை அநேகமாக ஒன்றுதான். மூட்டு தேய்ந்துவிட்டது, இனிப் படி ஏற வேண்டாம், அதிகம் நடக்க வேண்டாம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அன்றிலிருந்து கோயிலுக்குத் திரீவீலர், சாமான் வாங்கப் பேரப்பிள்ளை. வெள்ளவத்தையில் லிஃப்ட் இல்லாத பிளாட்டில் மேல் மாடி என்றால் வீட்டை விட்டு இறங்குவதே நின்றுபோயிருக்கும். சில மாதங்களில் தொடைத் தசை மெலிந்துவிடும். நோ குறைவதற்காக ஓய்ந்திருந்தவருக்கு, நோவும் போகவில்லை, பலமும் இல்லை.

நான் பல்கலைக்கழகத்தில் பயோமெக்கானிக்ஸும் உடற்பயிற்சி மூலமான மறுவாழ்வும் ஆராய்கிறேன். உடம்பு அசையும்போது எந்த மூட்டில் எவ்வளவு விசை விழுகிறது, எந்தத் தசை எந்த நொடியில் வேலை செய்கிறது என்று அளப்பதுதான் என் தொழில். தரையில் பதித்த விசைத்தட்டு, தோலில் ஒட்டிய சிறு உருண்டைகளைப் பின்தொடரும் கமெராக்கள், தசையின் மின்சமிக்ஞையைப் பிடிக்கும் ஒட்டுப் பட்டைகள் என்று கருவிகள் பல.

வெளியிலிருந்து அளப்பது ஒருபுறம் இருக்க, மூட்டுக்கு உள்ளேயே அளந்தவர்களும் உண்டு. பெர்லினில் ஓர் ஆய்வுக் குழு, விசையை அளந்து வானொலி அலையில் வெளியே அனுப்பும் செயற்கை முழங்கால்களைப் பொருத்தியவர்களிடம் அளவெடுத்தது. 2010இல் வெளியான முடிவுகளின்படி, சமதரையில் நடக்கும்போது மூட்டில் விழும் உச்ச விசை உடல் எடையைப் போல் சுமார் 2.6 மடங்கு. கதிரையிலிருந்து எழும்ப சுமார் 2.5 மடங்கு, படி ஏற 3.2, படி இறங்க 3.5. அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் படி இறங்கும்போது முழங்காலில் இருநூறு கிலோவுக்கு மேல் அமர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறுவதை விட இறங்குவது கஷ்டம் என்று அம்மாமார் சொல்வதை யாரும் செல்லம் என்று தள்ளிவிடக் கூடாது. அளவீடும் அதைத்தான் சொல்கிறது.

இந்த எண்களைக் கேட்டதும் "அப்போ ஆடாமல் அசையாமல் இருப்பதுதானே நல்லது" என்று தோன்றும். அங்கேதான் நான் மறுக்கிறேன். ஒரே எடையுள்ள இருவருக்கு எழும்பும் வேலைக்குத் தேவையான விசை ஏறக்குறைய ஒன்றுதான். பலமான தொடைக்கு அது தன் சக்தியில் ஒரு பங்கு, மெலிந்த தொடைக்கோ கிட்டத்தட்ட முழுச் சக்தி. அதனால்தான் தொடை மெலிந்தவர் இருக்கும்போது கதிரையில் தொப்பென்று விழுகிறார், படி இறங்கும்போது கால் சட்டென்று மடங்கிவிடுமோ என்று பயப்படுகிறார். மூட்டின் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. மூட்டு நீரிலிருந்துதான் அதற்குப் போஷாக்கு போகிறது, அந்த நீர் உள்ளே போய்வர அசைவு வேண்டும். எக்ஸ்ரேயில் தேய்மானம் அதிகம் தெரிந்தும் நன்றாக நடப்பவர்கள் இருக்கிறார்கள், படத்தில் பெரிதாக ஒன்றும் இல்லாமல் நோவால் துடிப்பவர்களும் இருக்கிறார்கள். பிரித்தானியாவில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டி, மூட்டுத் தேய்மானம் உள்ள எல்லோருக்கும் ஏற்ற உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. பயிற்சியால் தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளராது. நோ ஓரளவு குறையும், செய்ய முடிகிற வேலை கூடும். என்னைப் பொறுத்தவரை, தானாக எழும்பிக் குளியலறைக்குப் போக முடிவது சின்ன விஷயம் இல்லை.

சரி, வீட்டில் எப்படித் தொடங்குவது? உறுதியான கதிரை ஒன்றைச் சுவரோடு சாத்தி வையுங்கள். மாபிள் தரையில் பிளாஸ்டிக் கதிரை வழுக்கும், அது வேண்டவே வேண்டாம். உயரம் போதாவிட்டால் ஒரு தலையணையை மடித்துப் போடலாம். பாதங்களைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, உடம்பை நன்றாக முன்னே சாய்த்து எழும்புங்கள். இருக்கும்போது மூன்று எண்ணிக்கொண்டு மெதுவாக இருங்கள். பலரும் அவசரப்படுவது இந்த இடத்தில்தான், தசைக்கு நல்ல வேலை கிடைப்பதும் இங்கேதான். தொடக்கத்தில் கை ஊன்றினாலும் பரவாயில்லை. எட்டுப் பத்துத் தடவை, கொஞ்சம் ஆறி மறுபடி ஒரு சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். செய்யும்போது லேசான நோ வந்தால் பயம் இல்லை. மறுநாள் காலையிலும் வழக்கத்தை விடக் கூடுதலாக நொந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள்.

ஆனால் முழங்கால் சூடாக வீங்கிக் காய்ச்சலும் வந்தால், விழுந்த பிறகு காலை ஊன்ற முடியாவிட்டால், மூட்டு பூட்டிக்கொண்டு நீட்ட முடியாவிட்டால், ஒரு பக்கக் கெண்டைக்கால் திடீரென வீங்கினால், பயிற்சியை விட்டுவிட்டு உடனே டொக்டரிடம் போங்கள்.

படியில் கைபிடியைப் பிடித்து, ஏறும்போது நல்ல காலையும் இறங்கும்போது நோவுள்ள காலையும் முதலில் வையுங்கள். ஊன்றுகோல் நோவுக்கு எதிர்ப்பக்கக் கையில் இருக்க வேண்டும். காலி வீதியில் பார்க்கிறேன், பலர் நோவுள்ள பக்கமே பிடித்துச் சாய்ந்து நடக்கிறார்கள். எடை அதிகமுள்ளவர்களுக்கு இன்னொரு கணக்கு: அமெரிக்காவில் முழங்கால் தேய்மானமுள்ள முதியவர்களிடம் செய்து 2005இல் வெளியான ஓர் ஆய்வில், உடம்பில் குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் சுமார் நான்கு கிலோ சுமை குறைந்தது.

நான் இங்கே சொன்ன எண்களெல்லாம் கதிரையில் இருப்பவர்களையும் படி ஏறுபவர்களையும் அளந்து வந்தவை. எங்களிடம் வருகிறவர்கள் கேட்பது வேறு. "சப்பாணி கட்டி இருந்து சாப்பிட ஏலுமா?" "தொழுகையில் சுஜூது செய்யலாமா?" "கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போய் முழந்தாளிட ஏலுமா?" இவற்றுக்கு உறுதியாகப் பதில் சொல்ல, தரையில் இருந்து பழகிய நம் மக்களின் முழங்கால்களை இங்கேயே, நிறையப் பேரிடம் அளக்க வேண்டும். அமெரிக்கர்களின் சராசரியை வைத்துக் கொட்டாஞ்சேனையில் இருக்கும் ஓர் அம்மாவைப் பலவீனமானவர் என்று நான் எழுதிவிட முடியாது.

ஆகவே ஏதாவது பல்கலைக்கழகம் ஆய்வுக்கு ஆட்களை அழைத்தால் தயங்காமல் விசாரியுங்கள். நோ இல்லாதவர்களும் தேவை, ஒப்பிட்டுப் பார்க்க. நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். தகவல் தாளையும் ஒப்புதல் படிவத்தையும் தமிழில் கேட்டு வாங்குங்கள், வாசித்து விளங்கிய பிறகு மட்டும் கையொப்பம் வையுங்கள். நடுவில் விலகினாலும் உங்கள் சிகிச்சைக்கு எந்தப் பாதிப்பும் வரக் கூடாது. முழங்கால் தெரியும்படி அரைக் காற்சட்டை போட வேண்டியிருக்கும், பட்டைகளைத் தோலில் ஒட்ட வேண்டியிருக்கும். பெண்கள் கூச்சப்பட வேண்டாம். பெண் ஆய்வாளர் வேண்டும், மகளும் கூட இருக்க வேண்டும் என்று நாள் குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள், அதற்கு ஏற்பாடு செய்வது எங்கள் பொறுப்பு.