தலை பொய் சொல்லும், இடுப்பு சொல்லாது

அமெரிக்காவுல டல்லஹாஸிங்கிற ஊர்ல இருக்கிற ஒரு வாசகர் மெயில் போட்டிருந்தார். "ரூம்ல தினமும் சண்டை சார், ஃப்ளோரிடா ஸ்டேட் யுனிவர்சிட்டியோட பெஸ்ட் டிஃபென்சிவ் பேக் யாரு, டீயான் சாண்டர்ஸா, டெரல் பக்லியா, ஜேலன் ராம்ஸியா, சயின்ஸ் இதுக்கு ஏதாவது பதில் சொல்லுமா?" முழுசா சொல்லாது, ஆனா சண்டைய உருப்படியா போடுறதுக்கு உதவும்.

அமெரிக்கன் ஃபுட்பால் தெரியாதவங்களுக்கு ஒரே மூச்சுல சொல்லிடுறேன்: குவார்ட்டர்பேக் பந்த எறிவார், ரிசீவர் ஓடிப்போய் பிடிப்பார், பிடிக்க விடாம அவர்கூடவே ஒட்டிக்கிட்டு ஓடுறவர் டிஃபென்சிவ் பேக், ஓரத்துல நின்னா கார்னர், பின்னாடி காவலுக்கு நின்னா சேஃப்டி, எதிராளிக்கு வந்த பந்த இவரே லவட்டிட்டா இன்டர்செப்ஷன். போதும்.

இன்டர்செப்ஷன் கணக்குல பாத்தா சண்டையே இல்ல. பக்லி 21, அந்த காலேஜோட ரெக்கார்டு, அதுல 12 அந்த 1991 சீசன் ஒண்ணுல மட்டும். டீயான் 14. ராம்ஸி வெறும் 3. அப்ப ராம்ஸி டம்மியா? இங்கதான் எண்ணிக்கை நம்மள ஏமாத்துது. நல்லா காவல் காக்குறவன் பக்கம் எந்த குவார்ட்டர்பேக்கும் பந்த எறிய மாட்டான், எறியாத பந்த எப்படிப் பிடிக்கிறது? ஆள் எவ்ளோ நல்லா ஆடுறானோ அவ்ளோ வாய்ப்பு குறையும், அதனால 21, 3ன்னு பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒப்பிடுறதுல அர்த்தமே இல்ல.

சரி, அப்ப எதப் பாக்கணும்? எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு, அதுக்கு வர்றேன்.

கண்ணுல பட்ட ஒரு விஷயத்துக்கு உடம்பு அசைய ஆரம்பிக்கவே சுமாரா 0.2 விநாடி ஆகும், எவ்ளோ பெரிய வீரரா இருந்தாலும் இதுல பெருசா மிச்சம் பிடிக்க முடியாது. நல்ல ரிசீவர் விநாடிக்கு 9 மீட்டர் ஓடுறார்னு வெச்சுக்கங்க, அந்த 0.2 விநாடில அவர் 1.8 மீட்டர் போயிடுவார். ஒரு கேட்ச் பிடிக்க அந்த இடைவெளி தாராளம். அதாவது ரிசீவர் திரும்பினதப் பாத்துட்டுத் திரும்புற கார்னர் எப்பவுமே லேட். அவர் திரும்புறதுக்கு முன்னாடியே இவருக்குத் தெரிஞ்சிருக்கணும். ஜோசியமா? இல்ல, நியூட்டன்.

90 கிலோ ஆளு விநாடிக்கு 8 மீட்டர் வேகத்துல நேரா வர்றார், சடார்னு பக்கவாட்டுல வெட்டணும். முன்னாடி போற உந்தம் 720 அலகு, அத முதல்ல கொல்லணும். 0.4 விநாடில கொல்லணும்னா சராசரியா 1800 நியூட்டன் விசை வேணும், அவரோட எடையப் போல ரெண்டு மடங்கு. அது எங்கருந்து வரும்? தரையிலருந்து மட்டும்தான். பாதத்த உடம்புக்கு முன்னாடி தள்ளி ஊனி, இடுப்ப இறக்கி, தரைய உதைக்கணும், தரை திருப்பி உதைக்கும். அந்த நிறைமையம் இருக்குல்ல, ஸ்கூல்ல படிச்சது, நேரா நிக்கிற மனுஷனுக்கு அது தொப்புளுக்குக் கொஞ்சம் கீழ, இடுப்புக்குள்ள உக்காந்திருக்கும். அது போற போக்க வெளி விசை இல்லாம யாராலயும் மாத்த முடியாது.

இதுல அழகு எதுன்னா, ஓட்டத்துல ஒவ்வொரு எட்டுக்கும் நடுவுல ரெண்டு காலும் தரையில இல்லாத ஒரு சின்ன நேரம் வரும். அந்த நேரத்துல ரிசீவர் எறிஞ்ச கல்லு மாதிரி. தலைய ஆட்டலாம், தோளக் குலுக்கலாம், கண்ண உருட்டலாம், ஒண்ணும் ஆகாது, நிறைமையம் போற பாதை காலு தரையை விட்டப்பவே முடிவாயிடுச்சு. பொய்யெல்லாம் தலை, தோள், கைல மட்டும்தான் சொல்ல முடியும். இடுப்பு பொய் சொல்லணும்னா நிஜமாவே அந்தப் பக்கம் போகணும், போயிட்டா அது பொய் இல்ல. "அவன் பெல்ட்டப் பாரு"ன்னு கோச்சுங்க கத்துறதுக்குப் பின்னாடி இருக்கிற பிசிக்ஸ் இவ்ளோதான்.

இத ரக்பில சோதிச்சுப் பாத்திருக்காங்க. 2012ல வந்த ஒரு ஆய்வு, பிரான்ஸும் வட அயர்லாந்தும் சேர்ந்து பண்ணது, விர்ச்சுவல் ரியாலிட்டில ஒரு வீரர் டபாய்ச்சுக்கிட்டு ஓடி வர்றாப்ல காட்டி எந்தப் பக்கம் போவார்னு கேட்டாங்க. புதுசா ஆடுறவங்க தலை, தோள் அசைவுல ஏமாந்தாங்க, தேர்ந்தவங்க நிறைமையத்தோட அசைவ நம்புனாங்க. அதவிட முக்கியமா, தேர்ந்தவங்க அசைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அதிக நேரம் காத்திருந்தாங்க! சீக்கிரம் அசையறவன் இல்ல கெட்டிக்காரன். (கோச்சுக்கு வருஷத்துக்கு மில்லியன் கணக்குல சம்பளம் குடுக்கிற காலேஜுங்க, அதே கேம்பஸ்ல இந்த மாதிரி ஆராய்ச்சி பண்ற லேபுக்கு ஒரு கேமரா வாங்க ஆயிரம் கேள்வி கேக்கும்னு நினைச்சா எனக்கு வயிறு எரியும், அத விடுங்க.)

ஆனா காத்திருக்கிறது ஓசில வராது. காத்திருந்த நேரத்துக்கு அப்புறம் ஓடிப் பிடிக்கிற வேகம் வேணும். கார்னரும் பின்னோக்கி ஓடிட்டு ஒரு கட்டத்துல இடுப்பத் திருப்பியாகணும், திருப்பினா அவர் இடுப்பும் உண்மைய சொல்லிடும், அத ரிசீவர் படிப்பார். யாரு கடைசியா திருப்புறாங்களோ அவங்களுக்கு லாபம்.

இப்ப சண்டைக்கு வாங்க. என் ஓட்டு டீயானுக்கு. அந்த ஆளுகிட்ட வேகம் மிச்சம் இருந்துச்சு, அதனால மத்தவங்களால முடியாத அளவுக்குக் காத்திருக்க முடிஞ்சுது, ரிசீவர் தப்பிச்சுட்டார்னு குவார்ட்டர்பேக்க நம்ப வெச்சு, எறிஞ்சதுக்கு அப்புறம் போய் சேர முடிஞ்சுது. பக்லி வேற ரகம், குள்ளம், தள்ளி நின்னு ரிசீவரோட சேத்து குவார்ட்டர்பேக்கயும் படிப்பார். 1991ல மிச்சிகன் ஊருக்கே போய் 51-31னு ஜெயிச்ச மேட்ச்ல ஆரம்பத்திலயே ஒரு பந்தப் பறிச்சு டச்டவுன் (பந்தோட எதிராளி எல்லைக் கோட்டத் தாண்டி எடுக்கிற ஸ்கோர்) போட்டாரே, அது கால் வேகம் இல்ல, படிப்பு. ராம்ஸி நின்ன இடத்துல 41.5 இன்ச் எகிறுவார், ட்ராக் டீம்ல நீளம் தாண்டினவர், கார்னர், சேஃப்டி ரெண்டும் ஆடுனவர், ஏமாந்தாலும் உயரத்தால சமாளிச்சிடுவார். டீயானுக்கு 1988லயும் பக்லிக்கு 1991லயும் நாட்டோட சிறந்த டிஃபென்சிவ் பேக்னு ஜிம் தோர்ப் அவார்டு கிடைச்சுது, அதனால பக்லி கட்சிக்காரங்க என்மேல கோவப்பட்டா நியாயம்தான்.

நடுவுல ஒண்ணு. இந்த மூணு பேரும் என்எஃப்எல் டிராஃப்ட்ல (தொழில்முறை டீமுங்க காலேஜ் வீரர்கள வரிசையா தேர்ந்தெடுக்கிற ஏற்பாடு) அஞ்சாவதா எடுக்கப்பட்டவங்க, 1989, 1992, 2016. உடனே "5 ராசியான நம்பர்"னு கிளம்பிடாதீங்க. முதல் பத்துக்குள்ள போற மூணு பேரு ஒரே எண்ல விழ 100ல 1 வாய்ப்பு இருக்கு, நூத்துக்கணக்கான காலேஜ்ல எங்கயாவது இது நடக்காம இருந்தாத்தான் அதிசயம். அதே காலேஜ்ல சேஃப்டியா ஆடுன டெர்வின் ஜேம்ஸ் 17வதா போனார், அவருக்கு என்ன கொறஞ்சுபோச்சு?

மெயில்ல அதே காலேஜோட இன்னொரு டிஃபென்சிவ் பேக் லெராய் பட்லர் பேர விட்டுட்டீங்க, அது தப்பு. இடுப்பு பொய் சொல்லாதுன்னேன்ல, அதையே ஆயுதமாக்கின ஆட்டம் அவருது. 1988 செப்டம்பர், எதிராளி கிளெம்சனோட மைதானம், ஸ்கோர் 21-21, கடைசி நிமிஷங்கள், ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு சொந்த 21 யார்டு லைன்ல நாலாவது டவுன், அதாவது பந்த முன்னேத்த கடைசி வாய்ப்பு, எல்லாரும் பண்ட்தான், பந்த தூரமா உதைச்சு எதிராளிகிட்ட குடுத்துடுவாங்கன்னு நிக்கிறாங்க. ஆட்டத்தத் தொடங்க பின்னாடி தள்ளிவிட்ட பந்து நேரா உதைக்கிற பன்ட்டருக்குப் போகாம நடுவுல நின்னவர் கைக்குப் போச்சு, அவர் அத பட்லரோட கால் இடுக்குல சொருகிட்டு வலது பக்கம் ஓட, டீமே கூட ஓடுது, பன்ட்டர் தலைக்கு மேல போன பந்த எட்டிப் பிடிக்கிறாப்ல குதிக்கிறார். இத்தன இடுப்பும் நிஜமாவே வலது பக்கம் போகுது, கிளெம்சன்காரங்க சரியாத்தான் படிச்சாங்க, பந்துதான் அங்க இல்ல. பட்லர் அசையாம நின்னார், அப்புறம் இடது பக்கம் 78 யார்டு ஓடுனார். அப்புறம் ஃபீல்டு கோல், அதாவது கம்பங்களுக்கு நடுவுல பந்த உதைச்சு 3 பாயிண்ட், ஃப்ளோரிடா ஸ்டேட் ஜெயிச்சுது, 24-21.